சாம்பாருக்கு மட்டும் வாதாடினால் போதுமா?

நம் சங்கக் கூட்டங்களில் ஆண்டுதோறும் தவறாமல் எழும் பொருள் ஒன்று உண்டு. அது மொழியன்று, இலக்கியமன்று; விடுதிச் சாப்பாடு! வாரம் இரண்டு நாளாவது சாம்பார் வேண்டும், சோறு குழையாமல் இருக்க வேண்டும், தயிர் புளிக்காமல் இருக்க வேண்டும் என்று பேசுகிறோம், தீர்மானமும் போடுகிறோம். நாவுக்காக இத்தனை வாதாடும் நாம், நெஞ்சுக்காக ஒரு நாளாவது வாதாடியதுண்டா? இதுவே என் கேள்வி.

“மாரடைப்பைப் பற்றி ஐம்பது வயதில் கவலைப்படலாம், இது கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயது” என்று நண்பர்கள் நகைப்பர். நகைக்குமுன் ஒரு செய்தியைக் கேட்க வேண்டுகிறேன். கொரியப் போரில் மாண்ட அமெரிக்க வீரர் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துச் சோதித்து, 1953இல் அறிக்கை வெளியிட்டனர். மாண்டவர்களின் சராசரி வயது 22. போருக்குத் தகுந்தவர் எனத் தேர்ந்தெடுக்கப்பட்ட கட்டிளங்காளையர் அவர்கள். ஆயினும் அவர்களுள் நூற்றுக்கு 77 பேரின் இதயக் குழாய்களில் நோயின் அடையாளம் காணப்பட்டது. ஐம்பதில் இடியும் வீட்டிற்கு இருபதிலேயே விரிசல் விழுந்துவிடுகிறது என்பதல்லவா இதன் பொருள்?

அமெரிக்கர் கதை நமக்கு எதற்கு என்பீர்களாயின், நம் கதை இன்னும் கவலைக்குரியது. 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அதே ஆய்விலிருந்து 2007இல் வெளியான கணக்கின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டாரைவிட ஏறத்தாழ 6 ஆண்டு முன்னதாக, சராசரியாக 53 வயதில் வந்துவிடுகிறது. ஆனால் அவ்வாய்வே ஆறுதலும் தருகிறது. புகை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, இரத்தக் கொழுப்பு, தொந்தி, காய்கனிக் குறைவு, உடலுழைப்பின்மை, மனச்சுமை ஆகியவையே இந்நோயின் பெரும்பகுதிக்குக் காரணம். இவை விதியின் எழுத்தல்ல; பெரும்பாலும் நம் தட்டிலும் பழக்கத்திலும் அடங்கியவை.

தட்டு நம்முடையதுதான். ஆனால் அதில் விழுவதை முடிவு செய்பவர் யார்? வீட்டில் இருப்பவர் தமக்கு வேண்டியதைச் சமைத்துக்கொள்ளலாம். விடுதியில் இருப்பவன் உணவுக் குழு முடிவு செய்ததையே உண்கிறான். ஆகவே, ‘அவரவர் அடக்கமாக உண்க’ என்னும் அறிவுரை நமக்குப் போதாது. சங்கமாகக் கூடிக் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவாக உண்ண வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலக மக்கள் சராசரியாக அதைப் போல் இரு மடங்கு உண்கின்றனர். விடுதிக் குழம்பில் உப்பைக் குறைக்கச் சொல்வோம். கூடவே, ஊரிலிருந்து நாம் சுமந்து வரும் ஊறுகாயையும் அப்பளத்தையும் மோர்மிளகாயையும் கணக்கில் சேர்ப்போம். நம் ஊர்ப் பண்டம் என்பதற்காக உப்பு உப்பாகாமல் போகாது.

இரண்டாவது எண்ணெய். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குக்கு மிகக்கூடாது என்னும் விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்துவிட்டது, நம் சமையற்கூடத்து வாணலியை எட்டிப் பார்ப்பவர் யார்? காலையில் பூரி பொரித்த எண்ணெயிலேயே மாலையில் சமோசா பொரிக்கலாமா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

மூன்றாவது மாலைச் சிற்றுண்டி. சமோசாவுக்குப் பதில் வாரம் நான்கு நாள் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு வாழைப்பழமும் தரட்டும். கடலைக்கு இவ்வடநாட்டில் பஞ்சமில்லை. செலவு கூடும் என்று குழுவினர் சொல்லக்கூடும். உப்பையும் எண்ணெயையும் குறைத்தால் செலவு குறையுமேயன்றிக் கூடுமோ?

இனி, எந்தக் குழுவும் நமக்காகச் செய்ய முடியாதவை சில உண்டு. லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் பணிபுரிந்தோரை ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1953இல் எழுதினார். நாள் முழுதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டியவரைவிட, மாடிப்படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநரிடையே இதய நோய் குறைவாக இருந்தது. நாமோ இரண்டாம் மாடிக்கும் மின்தூக்கிக்குக் காத்து நிற்கிறோம்! வாரத்திற்கு 150 நிமிடம் விரைந்து நடந்தாலே நெஞ்சுக்கு நலம். தேர்வுக் காலத்தில் தேநீரோடு சிகரெட்டைத் துணைகொள்ளும் தோழர்க்கும் ஒரு சொல்: விட்டுவிட்டால், ஓராண்டிலேயே இதய நோய் வரும் அபாயம் புகைப்பவருக்கு உள்ளதில் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. உறக்கத்தை விற்று மதிப்பெண் வாங்குவதும் நல்ல வாணிகம் அன்று.

வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தைவிட உணவின் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். அவர் பெயரால் ஆண்டுதோறும் விழா எடுக்கும் நாம், அடுத்த பொதுக்குழுவில் இம்மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக்கி உணவுக் குழுவின் முன் வைப்போம். சாம்பாரும் கேட்போம், வேண்டாம் என்று யார் சொன்னார்? அதில் உப்பு அளவாகவும் காய் நிறையவும் இருக்கட்டும் என்று சேர்த்துக் கேட்போம்.