சேமிக்கச் சொல்லாதே, சேர வேண்டியதைக் கொடு

போன வருஷம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டல் கூட்டம். வங்கிக்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் டை கட்டிய ஆலோசகர். மாதம் 500 ரூபாயை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் அறுபது வயசில் எத்தனை லட்சமாகும் என்று பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். முன்வரிசைப் பையன் ஒருத்தன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "ஐந்நூறு யாருடா குடுப்பா?"

மேடையில் அதற்குப் பதில் இல்லை. இருக்கிறவன் காசைப் பெருக்க எழுதிய பாடத்தை இல்லாதவன் பிள்ளைக்கு ஒப்பிக்கிறார்கள். அப்புறம், 'இவங்களுக்குச் சேமிக்கிற பழக்கமே கிடையாது' என்று பழியையும் நம் தலையில் கட்டுவார்கள். சீட்டுப் போட்டு, தோட்டை அடகு வைத்து, மீட்டு, மறுபடி அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிற காலனிப் பெண்களுக்குச் சேமிப்பைப் பற்றி எவன் பாடம் எடுப்பது?

நம் பிள்ளைகளுக்கு நிதித் திட்டம் என்றால், தனக்குச் சேரவேண்டிய பணம் எது, அதைக் கடன்படாமல் எப்படி வாங்குவது என்பதுதான். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. வைஸ்ராய் நிர்வாக சபையில் அம்பேத்கர் இருந்த காலம். அது எவன் போட்ட பிச்சையும் இல்லை.

இது தெரியாமல்தான் என் அம்மா பத்து வட்டிக்குப் பணம் வாங்கி என்னைச் சுயநிதிக் கல்லூரியில் சேர்த்தாள். 2011இல் படித்து முடித்தேன். மறு வருஷம் 92ஆம் எண் அரசாணை வந்தது. வருமான வரம்புக்குள் வருகிற ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது அது. வங்கி வேலை கிடைத்த பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் என் சம்பளம் வட்டிக்காரனுக்குத்தான் போனது. கவிதை எழுதத் தொடங்கியதும் அப்போதுதான். செலவில்லாத வேலை வேறு என்ன இருக்கிறது?

2021-22லிருந்து இந்த உதவித்தொகையில் மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. நல்லதுதான். ஆனால் கணக்கு உயிரோடு இருக்கவேண்டுமே? சின்ன வயசில் திறந்த கணக்கு, பதினெட்டு முடிந்ததும் புதுசாகக் கையெழுத்தும் ஆவணமும் கேட்கும். ஆதாரை வைத்து அனுப்பும் அரசுப் பணம், அந்த எண்ணோடு கடைசியாக எந்த வங்கி இணைக்கப்பட்டதோ அங்கேதான் போகும். நர்சிங் படிக்கிற ஒரு பெண் நாலு முறை கவுண்டருக்கு வந்து "சார், பணம் ஏறுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். தேடிப் பார்த்தால், ஊரில் நடந்த முகாமில் யாரோ திறந்துகொடுத்த வேறொரு வங்கிக் கணக்கில் அது எட்டு மாசமாகக் கிடக்கிறது. அதற்குள் கல்லூரியில் பரீட்சை எழுத விடமாட்டேன் என்று மிரட்டி, அவள் அப்பா ஆட்டை விற்றாயிற்று.

இன்னொன்றும் பார்க்கிறேன். உதவித்தொகை ஏறுகிற வாரம், ஏழெட்டுப் பையன்களைக் கல்லூரி ஆள் ஒருத்தர் வேனில் கூட்டிவருவார். ஏடிஎம் கார்டெல்லாம் அவர் சட்டைப்பையில். கட்டணம் கட்டவேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ரசீது எங்கே? நம் பையனும் கேட்பதில்லை. கார்டையும் ரகசிய எண்ணையும் எவனிடமும் கொடுக்காதே என்பதைத்தான் அந்த ஆலோசகர் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

கல்விக்கடனுக்கு வருவோம். நாலு லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தலித், பழங்குடி மக்களின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்தில் நிராகரிக்கவும் கூடாது. அடுத்த மேல்மட்டம்தான் காரணத்தை எழுதி நிராகரிக்க முடியும். அதனால் என்ன செய்கிறார்கள்? விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. "இப்ப ஸ்கீம் இல்லப்பா" என்று வாய்வார்த்தையாக அனுப்பிவிட்டால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆகவே எழுத்தில் கொடு, ஒப்புகை கேள். கடன் கிடைத்தாலும் யோசித்து வாங்கு. படிக்கிற காலத்திலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏஜெண்டு கைகாட்டுகிற ஊர்பேர் தெரியாத கல்லூரிக்காக அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

அண்ணல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா போனார். லண்டன் படிப்பு பாதியில் நின்றது. சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்தி மிச்சம் பிடித்து, சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் நவல் பதேனாவின் கடனும் சேர்த்து 1920இல் மறுபடி லண்டன் ஏறினார். இதை நாம் மேடையில் சொல்லிச் சிலிர்ப்பதோடு சரி. ஏப்ரல் 14க்குக் கொடி கட்டுகிற நம் தோழர்களில் எத்தனை பேர் சேர்க்கை மாசத்தில் ஒரு பிள்ளையோடு தாலுகா ஆபீசில் வருமானச் சான்றுக்கு நின்றிருக்கிறோம்? நானும் நின்றதில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்தான்.

இந்த மே மாசம் முதல் எங்கள் காலனி இரவுப்பள்ளியில் ஞாயிறு காலை உட்காரப்போகிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, பாஸ்புக், ஆதார் நாலையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு மாணவர்கள் கூட இருந்தால் நல்லது.