அரபு மொழிக்குச் சிரிக்கத் தெரியாது என்போருக்கு

2005இல் டென்மார்க் நாளிதழொன்றின் கேலிச்சித்திரங்கள் சர்ச்சையானபோதும், 2015 ஜனவரியில் பாரிஸ் நகர அங்கத இதழின் அலுவலகத்தில் படுகொலை நிகழ்ந்தபோதும், நம் சிற்றிதழ் நண்பர்கள் சிலர் ஒரே தீர்ப்பை வழங்கினர்: அரபு உலகுக்கு எள்ளல் அந்நியம், கேலிச்சித்திரம் அங்கு வேர்கொள்ளாத செடி. படுகொலைக்கு எவ்வித நியாயமும் இல்லை. ஆனால் அதைக் கண்டிப்பதற்காக ஒரு மொழியின் வரலாற்றையே இல்லையென்று எழுத வேண்டுமா?

கெய்ரோவில் யூதக் குடும்பத்தில் 1839இல் பிறந்த யாகூப் சனூ, முதலில் நாடகக்காரர். அவருடைய அரங்கை 1872இல் ஆட்சியாளர் கெதீவ் இஸ்மாயில் மூடுவித்தார். மேடை போனதும் அவர் இதழைக் கையிலெடுத்தார். 'மூக்குக்கண்ணாடிக்காரர்' என்று பொருள்படும் 'அபூ நத்தாரா' அவ்விதழின் பெயர். அதன் விளைவாக 1878இல் அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். பாரிஸிலிருந்து கல்லச்சில், சித்திரங்களோடு இதழ் தொடர்ந்தது. தடைக்குத் தப்ப மீண்டும் மீண்டும் பெயரை மாற்றிக்கொண்டு, கள்ளத்தனமாக எகிப்துக்குள் நுழைந்தது. 1910 வரை ஏதோவொரு வடிவில் நீடித்தது.

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் வகுத்தார். சனூவின் இதழில் கெதீவ், பேட்டைத் தலைவர் ஆகிறார். வரிச்சுமையில் நசுங்கும் உழவனுக்குத் 'துன்பத்தின் தந்தை' என்று பெயர். யார் யாரென்று வாசகர் எவருக்கும் விளங்காமலில்லை. பழிகரப்புக்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

"அதெல்லாம் இதழியல், இலக்கியமன்று" என்பது அடுத்த ஆட்சேபம். அப்துல்லா அல்-நதீம் 1881இல் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய 'அல்-தன்கீத் வல்-தப்கீத்' இதழை அவர்கள் கருதிப் பார்க்கட்டும். 'கேலியும் கண்டனமும்' என்பது அத்தலைப்பின் பொருள். அதில் ஐரோப்பாவில் படித்துத் திரும்பும் ஓர் உழவனின் மகன், வெங்காயத்துக்குரிய அரபுச் சொல்லையே மறந்துவிடுகிறான். ஒரு காய்கறியின் பெயரை வைத்தே ஒரு தலைமுறையின் அடிமை மனத்தைக் காட்டிவிட்டார் நதீம். செவ்வியல் அரபுக்கும் மக்கள் பேச்சுக்கும் இடைவெளி மிகுந்திருந்த காலம் அது. எழுத்தறியாதவரும் பிறர் வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பேச்சு வழக்கை இவ்விதழ்கள் அச்சில் ஏற்றின. நவீன அரபு உரையாடல் நடையின் பட்டறைகளுள் இவற்றை விட்டுவிட்டு வேறெதைச் சொல்வது? உராபி எழுச்சியை ஆதரித்த நதீம், 1882இல் பிரிட்டிஷார் எகிப்தைக் கைப்பற்றியபின் ஒன்பது ஆண்டுகள் தலைமறைவாய்த் திரிந்தார். வெறும் பொழுதுபோக்குக்கு எவரும் இவ்வளவு விலை கொடுப்பதில்லை.

இவ்விதழ்களை வழிபடுவதும் என் நோக்கமன்று. பிரிட்டனைச் சாடிய சனூ, தமக்கு அடைக்கலம் தந்த பிரான்ஸிடமும் உஸ்மானிய சுல்தானிடமும் மென்மையாகவே நடந்துகொண்டார். 1921இல் தோன்றிய 'அல்-கஷ்கூல்', மக்கள் செல்வாக்கு மிகுந்த வஃப்து கட்சியையும் அதன் தலைவர் சஅத் ஸக்லூலையுமே குறிவைத்தது. எள்ளல் என்றும் எளியோர் பக்கமே நிற்கும் என்பது நம் விருப்பக் கற்பனை. ஆயின் இந்த முரண்களே அம்மரபு உயிருள்ளது என்பதற்குச் சான்று. நடிகை பாத்திமா அல்-யூசுப் 1925இல் 'ரூஸ் அல்-யூசுப்' தொடங்குகிறார். ஆர்மேனியரான சாருகான் அதில் வரைந்த 'மிஸ்ரி எஃபெந்தி', 1930களில் எகிப்திய நடுத்தர வர்க்கத்தின் முகமாகிறார். யூதர், முஸ்லிம், ஆர்மேனியர், ஒரு பெண் பதிப்பாளர் எனப் பலர் கூடி வளர்த்த மரபு இது.

ஆயிரத்தோரு இரவுகளுக்கும் நகீப் மஹ்ஃபூஸுக்கும் இடையே நம் வாசிப்பில் பெரும்பள்ளம் கிடக்கிறது. நாம் படிக்காததை அவர்களிடம் இல்லாதது என்று எழுதுவது விமர்சனமாகாது.