கோயில் வாசலில் ஒற்றை யானை

விருதுநகர் மாவட்டத்தில் யானைக்கு இரண்டு வாழ்க்கை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையில் கூட்டமாக, கீழே ஊருக்குள் கோயில் வாசலில் ஒற்றையாக. மலை 1988-ல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயமானது, 2021-ல் புலிகள் காப்பகமும் ஆனது. கீழே நிற்கும் யானைக்குத் திருவிழாவும் வேட்டுச் சத்தமும்தான் காடு.

கோயில் யானை என்றதும் எல்லோரும் அங்குசத்தையும் சங்கிலியையும்தான் பேசுகிறார்கள். அது சரிதான். ஆனால் அடியே இல்லாமல், வேளாவேளைக்குக் கவளம் ஊட்டி வளர்த்தாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. அது தனிமை.

பெண் யானைக்குக் குடும்பம் என்பது அம்மா, பாட்டி, சித்தி, அக்கா, அவர்களுடைய குட்டிகள். ஆண் குட்டி வளர்ந்ததும் விலகிவிடும். பெண் பெரும்பாலும் கடைசிவரை அங்கேயேதான். கர்ப்பம் 22 மாதம் வரை நீளும். அடுத்த குட்டிக்கு நாலைந்து வருஷம் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் மிருகத்துக்குச் சின்னத் தடங்கலும் பெரிய நஷ்டம். பயமும் தவிப்பும் நீடித்தால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. இப்போதைக்கு உயிர் பிழைத்தால் போதும் என்று உடம்பு முடிவு செய்து, மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஊசிகூட வேண்டாம், சாணமே போதும்!

தான்சானியாவின் மிக்குமி பூங்காவில் அப்படித்தான் பார்த்தார்கள். 1989-ல் தந்த வியாபாரத்துக்குத் தடை வருவதற்கு முன் அங்கே யானைகள் ஏராளமாகச் சுடப்பட்டன. வயதான தலைவியும் நெருங்கிய சொந்தமும் இல்லாமல் போன பெண் யானைகளுக்கு அழுத்த ஹார்மோன் அதிகம், குட்டிகள் குறைவு என்று 2008-ல் வெளியான ஆய்வு சொன்னது. துப்பாக்கி ஓய்ந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இந்த நிலை!

கூட்டம் எல்லா மிருகத்துக்கும் நிம்மதி தராது என்பதும் உண்மை. கலகாரி பாலைவனத்து மீர்காட் கூட்டத்தில், தலைவி தான் கர்ப்பமாக இருக்கும்போது மற்ற பெண்களை அடித்து விரட்டுவாள். விரட்டப்பட்டவளுக்கு அழுத்தம் ஏறும், கருவும் கலையும். ஆனால் அங்கேயும் அந்த நிலை, கூட்டத்துக்கு வெளியே நிற்கும்போதுதான்.

நம்மூர் யானைகளையும் சோதித்திருக்கிறார்கள். ஊர்வலங்களில் நடக்கும் வளர்ப்பு யானைகளுக்கு அழுத்த ஹார்மோன் கூடுதல் என்று ஹைதராபாத் சி.சி.எம்.பி. விஞ்ஞானிகள் 2019-ல் வெளியிட்டார்கள். தமிழக அரசு 2003-ல் முதுமலையில் தொடங்கி, பிறகு தேக்கம்பட்டியிலும் நடத்திய புத்துணர்வு முகாமில் லேகியம், சத்துணவு, நடைப்பயிற்சி எல்லாம் உண்டு. உண்மையான மருந்து பக்கத்தில் நின்ற இன்னொரு யானையாக இருந்திருக்கலாம். முகாம் முடிந்ததும் அதைத்தான் பிரித்து லாரியில் ஏற்றினார்கள்.

விருதுநகர் மாவட்டத்தில் நோயுற்றுக் கிடந்த லலிதா என்ற யானையை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் நேரிலேயே போய்ப் பார்த்தார். அந்த வழக்கில்தான் 2023-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இனிமேல் கோயில்களோ தனியாரோ புதிதாக யானை வாங்கக் கூடாது என்றது. நல்ல உத்தரவு. ஆனால் ஏற்கெனவே நிற்பவை?

யானை இல்லாமல் கஜபூஜை எப்படி என்று கேட்பார்கள். எல்லாக் கோயிலிலுமா யானை இருக்கிறது? பாகன் சம்பளம், தீவனம், வைத்தியம் என்று ஒவ்வொரு கோயிலும் தனித்தனிப் பேரேட்டில் எழுதும் செலவை ஒரே கணக்கில் சேர்த்தால், மரமும் தண்ணீரும் உள்ள ஓர் இடத்தில் நாலைந்து யானைகளைச் சேர்த்து வைக்கலாம். வயதான யானைகள் ஒத்துப்போகுமா என்ற சந்தேகம் நியாயம்தான். முதலில் பக்கத்துப் பக்கத்து ஊர்க் கோயில்களின் இரண்டு பெண் யானைகளை மூன்று மாதம் அருகருகே கட்டிப் பார்க்கட்டும். வாரம் ஒருமுறை சாணத்தை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் விடை தானே வரும்.