எண்ணியதை மீண்டும் எண்ணுவதில் என்ன தயக்கம்?

ஒவ்வொரு தேர்தல் முடிந்ததும் ஒரு சச்சரவு தவறாமல் கிளம்புகிறது. தோற்ற கட்சி இயந்திரத்தின் மீது பழி போடுகிறது. ஜெயித்த கட்சி அதே இயந்திரத்துக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கிறது. அடுத்த தேர்தலில் இருவரும் இடம் மாறினால் பேச்சும் மாறிவிடுகிறது. வரிசையில் கால் கடுக்க நின்று ஓட்டுப் போட்ட தொழிலாளியும் குமாஸ்தாவும் கேட்பது ஒன்றுதான்: போட்ட ஓட்டு சரியாக எண்ணப்பட்டதா, இல்லையா?

மும்பைவாசிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2024 லோக்சபா தேர்தலில், ஜோகேஸ்வரி, கோரேகாவ், அந்தேரி பகுதிகள் அடங்கிய மும்பை வடமேற்குத் தொகுதியில் நடந்ததை மறந்திருக்க முடியாது. இயந்திரங்களில் பதிவான ஓட்டுகளில் அமோல் கீர்த்திகருக்கு 4,51,095. ரவீந்திர வாய்க்கருக்கு 4,51,094. ஒரே ஓட்டு வித்தியாசம்! தபால் ஓட்டில் வாய்க்கருக்கு 1,550, கீர்த்திகருக்கு 1,501 கிடைத்தன. முடிவில் வாய்க்கர் 48 ஓட்டில் ஜெயித்ததாக அறிவிப்பு வந்தது. இருவரும் சேர்ந்து வாங்கிய ஓட்டோ ஒன்பது லட்சத்துக்கு மேல்.

கீர்த்திகர் ஹைக்கோர்ட் படியேறினார். மறு எண்ணிக்கை மறுக்கப்பட்டது, ஆள் மாறாட்ட ஓட்டுகள் சேர்ந்துவிட்டன என்பது அவர் தரப்பு வாதம். மனுவில் சட்டம் கேட்கும் விவரங்கள் இல்லை என்று 2024 டிசம்பரில் பம்பாய் ஹைக்கோர்ட் தள்ளுபடி செய்தது. கோர்ட்டைக் குறை சொல்வதற்கில்லை. அது மனுவைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். ஆனால் இருதரப்பு வாக்காளர் மனத்திலும் இருந்த சந்தேகம் தீர்ந்ததா?

குறை விதியில் இருக்கிறது. இன்றைய விதிப்படி, மொத்தக் கணக்கு வாசிக்கப்பட்டதும் வேட்பாளரோ அவர் ஏஜண்டோ அங்கேயே எழுத்து மூலம் மறு எண்ணிக்கை கேட்க வேண்டும். தேர்தல் அதிகாரி ஒப்புக்கொள்ளலாம். காரணம் எழுதி நிராகரிக்கவும் செய்யலாம். முடிவுத் தாளில் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அத்துடன் கதவு சாத்தப்பட்டது. பிறகு 45 நாளுக்குள் ஹைக்கோர்ட்டில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். ஆறு மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் பல வழக்குகள் பதவிக்காலம் முடியும்வரை இழுப்பதே வழக்கமாகி விட்டது.

தாமதத்தின் விலை என்ன என்பதை ஹரியானாவில் பார்க்கலாம். பானிபட் ஜில்லாவில் உள்ள புவானா லாக்கு கிராமத்தில் 2022 நவம்பரில் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல் நடந்தது. ஒரு பூத்தின் கணக்கில் ஒருவர் ஓட்டு மற்றவர் பெயரில் ஏறிவிட்டதாகத் தகராறு. வழக்கு ஏறி இறங்கி, கடைசியில் சுப்ரீம் கோர்ட் இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே தருவித்து, 2025 ஆகஸ்டில் இரு தரப்பாரையும் வைத்துக்கொண்டு எண்ணச் செய்தது. தோற்றவர் என்று சொல்லப்பட்டவருக்கு 1,051, ஜெயித்தவருக்கு 1,000. இயந்திரம் பொய் சொல்லவில்லை. காகிதத்தில் ஏற்றியதில்தான் பிசகு. சில மணி நேரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய கணக்குக்கு இரண்டே முக்கால் வருஷம் பிடித்தது. ஐந்து வருஷப் பதவியில் பாதிக்கு மேல் போயே போய்விட்டது.

பழையபடி வாக்குச் சீட்டு வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் சண்டிகரை நினைக்க வேண்டும். 2024 ஜனவரி 30-ல் அங்கு மேயர் தேர்தல் சீட்டில்தான் நடந்தது. நடத்திய அதிகாரியே எட்டுச் சீட்டுகளில் கிறுக்கி, அவை செல்லாதவை என்றார். காமிரா இருந்ததால் அகப்பட்டார். மூன்று வாரத்துக்குள் சுப்ரீம் கோர்ட் அந்த எட்டையும் செல்லும் என்று சொல்லி, 12 ஓட்டில் தோற்றவரை 20 ஓட்டில் மேயராக்கியது. ஆக, சீட்டானாலும் இயந்திரமானாலும் கடைசியில் மனிதர் கைதான். கணக்கைத் திருப்பிப் பார்க்க வழி இருந்தால் திருட்டும் தெரியும், தவறும் தெரியும்.

வித்தியாசம் மிகக் குறைவாக இருந்தால் யாரும் கேட்காமலே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும். இது புதுமையும் அல்ல. தள்ளப்பட்ட தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், அவற்றைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும் என்று தேர்தல் கமிஷனே விதித்திருக்கிறது. தபால் ஓட்டுக்குள்ள நியாயம் மற்ற ஓட்டுக்கு ஏன் கூடாது? இயந்திரத்தோடு இணைந்த ஒப்புகைச் சீட்டுகளையும் அப்போது முழுவதுமாக எண்ணலாம். இப்போது ஒரு சட்டசபைப் பகுதிக்கு ஐந்து பூத்துச் சீட்டுகள்தான் சரிபார்க்கப்படுகின்றன.

தோற்றவர்கள் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள், காலம் வீணாகும் என்று ஆட்சேபிக்கலாம். எல்லாத் தொகுதியிலும் வித்தியாசம் 48 ஆக இருப்பதில்லை. இருக்கும் இடத்தில் ஒரு நாள் கூடச் செலவானால் குடி முழுகிவிடாது. ரொக்கம் பத்து ரூபாய் உதைத்தால் கல்லாவைப் பூட்டாமல் மறுபடி எண்ணுகிற குமாஸ்தாவை யாரும் காலத்தை வீணாக்குகிறான் என்பதில்லை.

வாக்காளருக்கும் கடமை உண்டு. பூத் ஏஜண்டாக உட்காருகிறவர், ஓட்டுப் பதிவு முடிந்ததும் 17-சி படிவத்தின் நகலைக் கையெழுத்துடன் வாங்காமல் எழுந்திருக்கக் கூடாது. அந்தப் பூத்தில் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. தன் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுவிட்டதாகத் தெரிந்தால், திட்டிவிட்டு வீடு திரும்புவதில் பயனில்லை. அடையாளத்தைக் காட்டி டெண்டர் ஓட்டுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் போட வேண்டும். எண்ணிக்கை நாளில் அதைச் சேர்க்க மாட்டார்கள். வழக்கு வந்தால் அந்தச் சீட்டுத்தான் சாட்சி பேசும்.

ஜெயித்தவருக்கும் மறு எண்ணிக்கையால் நஷ்டம் இல்லை. இரண்டு முறை எண்ணி ஜெயித்தவரை எவரும் திருட்டு வெற்றி பெற்றவர் என்று சொல்ல முடியாது.