அபராதம் போட்டவரிடமே அப்பீல்

“தப்பா போட்டிருந்தா அப்பீல் பண்ணுங்க சார், அதுக்குத்தான் வழி இருக்கே.” மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் வண்டி நிறுத்தி அபராதம் வாங்கியவர்களுக்குப் பழகிப்போன பதில் இது. சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். முறையிட ஓர் இடம் இருந்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று நன்றாகப் படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது என்கிறேன். முறையீட்டைக் கேட்பவர் யாருடைய ஆள், அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இந்த நம்பிக்கை நிற்காது.

நடப்பதைப் பார்ப்போம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டையைப் பார்த்துவிட்டு, மாமல்லபுரத்தில் கடற்கரைக்கும் போய்விட்டு வீடு திரும்புகிறது ஒரு குடும்பம். செல்போனில் குறுஞ்செய்தி வந்து கிடக்கிறது. திறந்தால் ஒரு படம்: பின்பக்க நம்பர் பிளேட், டிக்கி, பாதிச் சக்கரம், ஓரத்தில் கொஞ்சம் மணல். நோ பார்க்கிங் பலகை படத்தில் இல்லை. பலகை அங்கே இருந்ததா, மரக்கிளை மறைத்திருந்ததா, வண்டி நின்றது பலகைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில்தான் வழக்கே இருக்கிறது. அதைப் பற்றி அந்தப் படம் ஒன்றும் சொல்லவில்லை. தொகை 500 ரூபாய். 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய அபராதம் அது. மறுபடியும் சிக்கினால் 1,500.

இணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால், சலான் போட்ட துறைக்கே அது போய்ச் சேர்கிறது. அதே படத்தை அதே துறையின் இன்னொரு அலுவலர் பார்க்கிறார். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். தன்னோடு வேலை பார்ப்பவர் செய்தது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறோம். அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, போலீசாருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பார்கள். லாபம் பணமாகத்தான் இருக்க வேண்டுமா? துறையின் மானம், மேலதிகாரி கேட்கும் கணக்கு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய சக ஊழியர், இவை எல்லாம் தராசில் ஏறுகின்றன.

சட்டம் இதைவிட நேர்மையாகவே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவுப்படி போலீஸ் அதிகாரி வாங்கும் தொகை தண்டனைத் தீர்ப்பு கிடையாது. வழக்கு வேண்டாம், இதோடு முடித்துக்கொள்கிறேன் என்று நாமாக ஒத்துக்கொண்டு கட்டுவது அது. ஒத்துக்கொள்ளாதவரைக் குற்றவாளி என்று சொல்லும் அதிகாரம் மாஜிஸ்திரேட்டுக்குத்தான் உண்டு. கேமரா வழியாகச் சலான் போடுவதற்கு 2021-ல் வந்த 167ஏ விதியும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அந்தச் சாலைப் பகுதியில் எச்சரிக்கைப் பலகைகள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 500 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறித் திருக்கழுக்குன்றத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போய், வாய்தா வாங்கிக்கொண்டு வர யாரால் முடியும்? ஏறக்குறைய யாரும் போவதில்லை. அதனால் நடைமுறையில் முதல் மேசையே கடைசி மேசையாகிவிடுகிறது. அந்த முதல் மேசையில் உட்கார்ந்திருப்பவர் வழக்கின் ஒரு கட்சிக்காரர்.

கட்டண வாகன நிறுத்தத்தில் நிலைமை இன்னும் மோசம். உள்ளாட்சி அமைப்பு ஏலம் விடுகிறது, குத்தகைக்காரர் எடுக்கிறார், அவருடைய பையன்கள் ரசீதுக் கட்டோடு நிற்கிறார்கள். ரசீதில் ஒரு தொகை, கேட்பது இன்னொரு தொகை என்றால் யாரிடம் சொல்வது? ஏலத் தொகையை வாங்கிப் போட்ட அலுவலகத்திடம்தான். குத்தகைக்காரருக்கு நஷ்டம் என்றால் அடுத்த வருஷம் ஏலம் குறையும் என்பது அந்த அலுவலகத்துக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்பார்கள். ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் தனியார் கார் நிறுத்தங்களை நடத்தும் கம்பெனிகளுக்கு இரண்டு வணிகச் சங்கங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மேல்முறையீட்டு அமைப்பு. ஒன்று ‘பாப்லா’, 2012-ல் வந்தது. இன்னொன்றின் பெயரிலேயே ‘இண்டிபெண்டண்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். எந்தச் சங்கத்தில் சேர்வது என்பதைக் கம்பெனி முடிவு செய்கிறது. அப்படியானால் தன் வழக்கை யார் விசாரிப்பது என்பதையும் கம்பெனியே முடிவு செய்கிறது. கார்க்காரருக்கு அதில் வாக்கில்லை. சங்கத்தை நடத்துபவர்களுக்கும், அபராதத்தை வசூலிக்க வழக்குப் போடும் வக்கீல் நிறுவனத்துக்கும் தொடர்பு உண்டு என்ற புகார் 2018-ல் நாடாளுமன்றத்திலேயே எழுந்தது. 2019-ல் இதைச் சீராக்கச் சட்டம் இயற்றினார்கள். 2022 பிப்ரவரியில் வெளியிட்ட நடத்தை விதிகளை, கம்பெனிகள் நீதிமன்றம் போனதும், அதே ஆண்டு ஜூனில் திரும்பப் பெற்றார்கள். அதே லண்டனில் மாநகராட்சிகள் போடும் அபராதத்துக்கு வேறு ஏற்பாடு. நீதித்துறை அமைச்சரான லார்டு சான்சலரின் ஒப்புதலோடு நியமிக்கப்படும் நடுவர்கள் விசாரிக்கிறார்கள், அவர்கள் சொன்னால் மாநகராட்சி கேட்டாக வேண்டும். ஒரே ஊரில் இரண்டு முறை இருக்கிறது என்றால், நியாயமான முறை சாத்தியம் என்பதும் தெரிகிறது.

நமக்கு இந்தப் பாடம் புதிதும் இல்லை. ஆந்திராவில் தனியார் பஸ் தடங்களை அரசு எடுத்துக்கொள்ள முனைந்தபோது, ஆட்சேபணைகளை விசாரித்தவர் போக்குவரத்தைக் கவனித்த துறையின் செயலாளரே. குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் தொடுத்த வழக்கில், 1958 நவம்பரில், அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். நம் சென்னை வக்கீல்களின் மெட்ராஸ் பார் அசோசியேஷன், தீர்ப்பாயங்களை அரசுத் துறைகளின் பிடியிலிருந்து விடுவிக்கத் திரும்பத் திரும்பப் போராடியது. தீர்ப்பாயத்துக்கான வசதிகளை வழக்கில் சம்பந்தப்பட்ட துறை செய்து தரக்கூடாது, சட்ட அமைச்சகம் செய்ய வேண்டும் என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. 2025 நவம்பரிலும் அதே வாதத்துக்காக அதே அசோசியேஷன் வென்றது. தீர்ப்பாயங்களுக்குப் போகும் பெரிய கம்பெனிகளின் வழக்குக்கு இத்தனை கவனம் எடுத்துக்கொள்ளும் நாடு, ஆட்டோக்காரரின் 500 ரூபாய்க்கு அதில் கால்வாசி கவனமாவது எடுக்க வேண்டாமா?

கண்ட இடத்தில் வண்டியை விட்டுப் போகிறவர்களுக்காக நான் வாதாடவில்லை. 2024-ல் மாமல்லபுரம் ஐந்து ரதம் அருகே, வண்டியை நிறுத்தக்கூடாது என்று சொன்ன காவலாளியைக் காரில் வந்தவர்கள் அடித்தார்கள். அப்படிப்பட்டவர்களைத் தண்டிக்கத்தான் வேண்டும். தண்டனை சரியானது என்று ஊர் ஒத்துக்கொள்ள வேண்டுமானால், அதைச் சரிபார்த்தவர் வெளி ஆளாக இருக்க வேண்டும். அபராதத்தில் தள்ளுபடி கொடுப்பதும் இதற்கு மாற்றாகாது. 2023 பிப்ரவரியில் கர்நாடகம் நிலுவைச் சலான்களுக்கு 50 சதவீதம் குறைத்தபோது மக்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். தப்பே செய்யாதவரும் பாதி கட்டினார்.

செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர் ஒருவரை நியமிக்கலாம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மாமல்லபுரத்தில் அவர் உட்காரட்டும். அவருக்குப் போலீசும் உள்ளாட்சியும் சம்பளம் தரக்கூடாது. பலகை எங்கே இருந்தது என்று படத்தோடு காட்ட வேண்டிய பொறுப்பு அபராதம் போட்டவருடையது. எத்தனை முறையீடு வந்தது, எத்தனை ரத்தானது, என்ன காரணத்தால் என்பதை மாதாமாதம் பேருந்து நிலையத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். அதுவரை, “அப்பீல் பண்ணுங்க” என்று சொல்பவரிடம், யாரிடம் என்று கேளுங்கள்.