ஸ்டேஷன் வாசலில் ஏன் கால் கூசுகிறது?

ஒரு வருடம் மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கூட்டத்தில் என் மகள் தவறிப் போய்விட்டாள். ஒரு பெண் போலீஸ் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மைக்கில் பெயர் சொல்லி என்னிடம் சேர்த்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதே நான், பஸ்ஸில் பர்ஸ் பறிபோனதைச் சொல்ல ஒரு காவல் நிலையத்துக்குத் தனியாகப் போனேன். 'பர்ஸைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதாம்மா? நாளைக்கு வாங்க' என்றார்கள். மறுநாள் கணவருடன் போனேன். நாற்காலி கிடைத்தது!

பணம் போனது பெரிதல்ல. போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணை, டியூஷன் போகும் வழியில் ஒருவன் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தான். புகார் கொடுக்கலாம் என்றேன். 'ஒரு பர்ஸுக்கே உங்களை அப்படிக் கேட்டாங்க. என் பொண்ணை என்னென்ன கேப்பாங்களோ!' என்று பயந்து, அந்தம்மா டியூஷனையே நிறுத்திவிட்டார். தப்பு செய்தவன் தெருவில். படிக்கிற பெண் வீட்டில்!

இந்தப் பயத்தைப் போக்கத்தான் 1992ல் ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 1993ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப், 'ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' அமைப்பைத் தொடங்கினார். நல்ல எண்ணம்தான். ஆனால் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸாரால் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்தபோது, அந்த அமைப்பினர் மீதும் புகார் எழுந்தது. அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. போலீஸுக்கு நாலு நண்பர்களைச் சேர்ப்பதைவிட, படியேறி வருகிற எல்லாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதே முக்கியம் என்பதுதான் இதில் பாடம்.

நாமும் கொஞ்சம் விவரமாக இருக்க வேண்டும். புகார் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். சாட்சி விசாரணைக்குப் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது; இருக்கும் இடத்துக்கே வந்து விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 1ல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் இதையே சொல்கிறது. இவற்றை ஒவ்வொரு ஸ்டேஷன் வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன?

அன்று திருவிழாவில் கிடைத்த பரிவு, ஸ்டேஷன் மேஜையிலும் கிடைத்தால் போதும். பக்கத்து வீட்டுப் பெண் மறுபடி டியூஷன் போவாள். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு இல்லத்தரசி, மயிலாப்பூர், சென்னை-4.