கூரை ஒழுகினால் யார் செலவு?

கடை வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விஷயம்தான் பேசுகிறோம்: மாத வாடகை எவ்வளவு, முன்பணம் எத்தனை மாதம். கூரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு சாயங்கால மழையில் அடுக்கி வைத்த சேலைகள் நனைந்த பிறகுதான் பேச்சு வருகிறது. "கட்டடம் உங்களுடையதுதானே?" என்பார் கடைக்காரர். "கடை நடத்துவது நீங்கள்தானே?" என்பார் உரிமையாளர்.

ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதுவே செல்லும். எழுதாமல் விட்டிருந்தால், தீபகற்ப மலேசியாவில் தேசிய நிலச் சட்டத் தொகுப்பு உள்ளே வரும். (சபா, சரவாக்கிற்கு நிலச் சட்டம் வேறு.) அதன் 231ஆவது பிரிவு, கட்டடத்தைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை வாடகைதாரரிடம் கொடுக்கிறது. "எழுதாததெல்லாம் முதலாளி பொறுப்பு" என்று நம்மவர்கள் பலர் நினைப்பதற்கு இது நேர் எதிர்.

ஒரு விலக்கு உண்டு. கட்டடத்தின் ஒரு பகுதியை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தால், கூரை, முக்கியச் சுவர்கள், முக்கிய வடிகால்கள், பொது நடைவழி ஆகியவற்றை உரிமையாளர்தான் பார்க்க வேண்டும் என்கிறது 230ஆவது பிரிவு. மூன்று மாடிக் கடைவீட்டில் கீழ்த்தளம் மட்டும் உங்களுடையது என்றால் இந்தப் பாதுகாப்பு உண்டு. சரக்கு வைக்கலாம், மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தலாம் என்று முழுக் கடைவீட்டையும் எடுத்தவருக்கு அது கிடையாது. கூரையும் அவர் தலையில்தான். முழுக் கட்டடம் எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் கூரைக்கென்று தனி வரி கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

"கட்டமைப்புப் பழுது உரிமையாளர் பொறுப்பு" என்ற ஒற்றை வரியை நம்பிவிடாதீர்கள். பீலி கட்டமைப்பா? சுவருக்குள் ஓடும் குழாய்? ரோலர் ஷட்டர், ஏர்கோன், மின்கம்பி இணைப்பு? ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுவது கடைக்காரருக்கு மட்டுமல்ல, கடையை வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களுக்கும் நல்லது.

பழுது பார்ப்பது என்றால் புதிதாக்கித் தருவது அல்ல. விவேகமுள்ள ஓர் உரிமையாளர் தன் சொத்தை எப்படி வைத்திருப்பாரோ அந்த அளவு போதும்; குத்தகை தொடங்கியபோது கட்டடத்தின் வயது, தன்மை, இருக்கும் வட்டாரம் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது சட்டம். நாற்பது வருடக் கடைவீட்டைப் பழையதாக எடுத்தவர் புதியதாகத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் எடுத்தபோது எப்படி இருந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? சாவி வாங்கும் நாளிலேயே கூரை, தரை, கழிப்பறை எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். முன்பணம் திரும்பி வரும் நாளில் அந்தப் படங்கள் பேசும்.

கோபத்தில் பலர் செய்யும் காரியம், "ஒழுகலைச் சரிசெய்யும்வரை வாடகை இல்லை" என்று நிறுத்திவிடுவது. இது ஆபத்து. 1951ஆம் ஆண்டு வாடகை ஜப்திச் சட்டத்தின்கீழ், 12 மாதம் வரையிலான பாக்கிக்காக உரிமையாளர் நீதிமன்றத்தில் ஜப்தி ஆணை கேட்கலாம். அந்த மனுவை உங்களைக் கூப்பிட்டு விசாரிக்காமலேயே போட முடியும். கடைச் சரக்கின் மேல் கை வைக்கப்பட்ட பிறகு ஒழுகலைப் பற்றிப் பேசி என்ன பயன்? வாடகையைக் கட்டிக்கொண்டே, பழுதைத் தேதி போட்டு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னது கணக்கில் நிற்காது.

ஸ்ட்ராட்டா வளாகத்தில் மேல்தளத்திலிருந்து நீர் கசிந்தால் நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். 7 நாளில் அவர்கள் வந்து பரிசோதிக்க வேண்டும்.

வெள்ளம், தீ என்றால் கதை வேறு. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை மறந்திருக்க மாட்டோம். உங்கள் கவனக்குறைவு இல்லாமல் கடை அப்படிப் பாழானால், சரியாகும்வரை வாடகை முழுதாகவோ பாதிப்புக்கு ஏற்பவோ நிற்கும். 6 மாதத்தில் சரியாகாவிட்டால் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். இதுவும் 230ஆவது பிரிவுதான். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்த உரிமை போய்விடும். அந்தப் பக்கத்தை இன்றே எடுத்துப் படியுங்கள்.